கார் ஷெட்டில் லிஃப்ட் வைக்கப் போகிறீர்களா? முதலில் அண்ணாந்து பாருங்கள்

நம்ம ஊர்ப் பக்கம் வீட்டையே ஜாக்கி வைத்துத் தூக்குகிறார்கள். ரோடு மேல் ரோடாகப் போட்டுத் தெரு உயர்ந்துவிடும், வீடு பள்ளத்தில் நிற்கும். மழைத் தண்ணீர் உள்ளே வர ஆரம்பித்ததும் சுவருக்கு அடியில் வரிசையாக ஜாக்கிகளைக் கொடுத்து மூன்றடி, நான்கடி உயர்த்திவிடுவார்கள். வீட்டுக்கு மேலே வானம்தான், எவ்வளவு தூக்கினாலும் இடிக்காது. ஷெட்டுக்குள் காரைத் தூக்கினால் அப்படியில்லை, மேலே கூரை காத்திருக்கிறது.

திருவையாற்றுக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் என் வீடு. மாமனார் வழியில் வந்த ஒரு அம்பாசடர், மனைவி ஓட்டும் ஒரு ஸ்விஃப்ட். இரண்டுக்கும் ஆயில் மாற்றுவது, பிரேக் பார்ப்பது, சைலன்சர் மாட்டுவது எல்லாம் நானே. மண்ணில் மல்லாந்து படுத்து இருபது வருஷம் செய்தேன். முதுகு போதும் என்று சொன்ன பிறகுதான் லிஃப்ட் யோசனை வந்தது. வாங்கும் முன் என்ன அளக்க வேண்டும், எந்த வரிசையில் அளக்க வேண்டும் என்பதைப் புதிதாக இறங்குபவர்களுக்காக எழுதுகிறேன். வரிசையை மாற்றியதால்தான் எனக்குப் பணம் போனது.

காருக்கு அடியில் நின்று வேலை செய்யக் குழி தோண்டினால் போதாதா என்று எல்லோரும் கேட்பார்கள். திருச்சிக்கு மேற்கே, மேட்டு நிலத்தில் போதும். டெல்டாவில் வேண்டாம். மேட்டூரைத் திறந்து வாய்க்காலில் தண்ணீர் ஓட ஆரம்பித்தாலே நிலத்தடி நீர் மேலே வரும். ஐப்பசி, கார்த்திகை மழையும் சேர்ந்தால் நாலடிக் குழியில் ஊற்று எடுக்கும். சிமெண்டு பூசினாலும் அடியிலிருந்து அழுத்தித் தள்ளும். என் சித்தப்பா ஆசையாகக் கட்டிய குழியில் வருஷத்தில் ஐந்து மாதம் தவளைதான் குடியிருக்கிறது. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம் என்பதால் குழிக்குள் இறங்கித் தேங்கும், அது தனி ஆபத்து. ஆக நம் பகுதியில் கீழே போக வழியில்லை. மேலே போகும் வழியைத்தான் பார்க்க வேண்டும்.

முதல் வேலை: தரை எது என்று முடிவு செய்யுங்கள்

கூரை உயரம் பற்றிய கட்டுரையில் ஏன் தரை? உயரம் அங்கேதான் தொலைகிறது.

வீடு கட்டிய மேஸ்திரி என் ஷெட்டுக்குப் பத்தரை அடி என்று சொல்லியிருந்தார். பொய் சொல்லவில்லை, கட்டிய அன்று பத்தரை அடிதான். அதற்குப் பிறகு தெருவில் சிமெண்டு ரோடு வந்தது. தண்ணீர் உள்ளே வராமலிருக்க ஷெட்டில் மண் கொட்டி, மேலே தளம் போட்டு, மொத்தம் ஓர் அடி உயர்த்தினோம். நான் அதை மறந்தே போனேன். பத்தரை என்ற எண் மட்டும் மனதில் நின்றது. அதை நம்பி ஒரு லிஃப்டுக்கு முன்பணம் கொடுத்தேன். டேப்பை எடுத்து அளந்தபோது ஒன்பதரை. அந்த மாடல் நிற்காது என்றதும் கடைக்காரர் முன்பணத்தைத் திருப்பவில்லை. போனது போனதுதான்.

ஒன்பதரையும் முழுசாகக் கிடைக்குமா என்பது அடுத்த கேள்வி. காரின் இரு பக்கமும் ஒரு தூண் நின்று, கைகளை நீட்டிக் காரைத் தூக்குவது இரண்டு தூண் லிஃப்ட். அதை போல்ட் போட்டுத் தரையில் இறுக்க வேண்டும். சாதாரண ஷெட் தரையில் செங்கல் ஜல்லியும் மூன்று அங்குல சிமெண்டுமாகத்தான் இருக்கும், மேலே டைல்ஸ் வேறு. அது அந்த போல்ட்டைத் தாங்காது. பெரும்பாலான லிஃப்ட் கையேடுகளில் 4 முதல் 6 அங்குலக் கனத்துக்குக் குறையாத நல்ல கான்கிரீட் கேட்பார்கள். நம்முடைய களிமண் மழையில் ஊதும், கோடையில் சுருங்கி வெடிக்கும். அதனால் நான் கனத்தில் கஞ்சத்தனம் பண்ணச் சொல்ல மாட்டேன். தூண் நிற்கும் இடத்தில் கம்பி கட்டி, எம்25 என்ற வலுவான கான்கிரீட் கலவையில், பொறியாளர் ஒருவரிடம் காட்டிப் போடுவதே சரி.

போடும்போது பழைய தரைக்கு மேலேயே புதுத் தளத்தை ஊற்றிவிடாதீர்கள். மேஸ்திரிக்கு அது சுலபம், உங்களுக்கு அரையடி கூரை போச்சு. பழைய தளத்தை வெட்டி எடுத்து, கீழே தோண்டி, பழைய மட்டத்திலேயே முடிக்கச் சொல்லுங்கள். பிறகு 28 நாள் விட்டுத்தான் போல்ட்டுக்குத் துளை போட வேண்டும்.

தளம் முடிந்தபின் இருக்கப்போகும் மட்டத்தைச் சுவரில் பென்சிலால் கோடு கிழியுங்கள். இனி எல்லா அளவும் அந்தக் கோட்டிலிருந்துதான். ஷெட் தரை தண்ணீர் வடிவதற்காக வாசல் பக்கம் சரிந்திருக்கும், கூரை சரிந்திருக்காது. பின்சுவரில் அளந்தால் ஒன்று வரும், வாசலில் அளந்தால் இரண்டு அங்குலம் கூட வரும். கார் நிற்கும் இடத்தில் அளப்பதே கணக்கு.

இரண்டாவது: கூரையில் எது தாழ்வாகத் தொங்குகிறது?

மேல் தளத்தின் அடிப்பக்கம் உங்கள் கூரை உயரம் இல்லை. அதற்குக் கீழே பீம் இறங்கியிருக்கும், முக்கால் அடியோ ஓர் அடியோ. சீலிங் ஃபேன் அதற்கும் கீழே வரும். டியூப் லைட், பரண், ரோலிங் ஷட்டர் சுருண்டு நிற்கும் உருளை, தண்ணீர்த் தொட்டியிலிருந்து வரும் பைப் என்று வரிசையாக இருக்கும். பார்த்துப் பழகிவிட்டதால் இவை கண்ணில் படாது.

கண்ணை நம்பாமல் இப்படிச் செய்யுங்கள். நேரான சவுக்குக் கழி ஒன்றை எடுத்து, கார் மேலே போகும்போது அதன் கூரை எட்டும் உயரத்துக்கு வெட்டுங்கள். அந்த உயரத்தைக் கணக்குப் போடுவது பின்னால் வருகிறது. கழியின் உச்சியில் நான்கடி நீளத்தில் ஒரு குறுக்குக் கட்டையை ஆணி அடித்துக்கொள்ளுங்கள். காரின் நீள அகலத்தைச் சுண்ணாம்புக்கல்லால் தரையில் வரைந்து, கழியைச் செங்குத்தாகப் பிடித்தபடி அந்தக் கட்டத்துக்குள் முழுக்க நடந்து பாருங்கள். எங்கே தட்டுகிறதோ அதுதான் உங்கள் எதிரி. எனக்கு முதல் சுற்றிலேயே ஃபேன் இறக்கையும் பீமும் தட்டின. ஐம்பது ரூபாய்க் கழி செய்த வேலையை லிஃப்ட் வந்தபின் செய்திருந்தால் கார்க் கூரை நசுங்கியிருக்கும்.

ஃபேனைக் கழற்றலாம், லைட்டைச் சுவருக்கு மாற்றலாம், பைப்பைத் திருப்பலாம். பீமை மட்டும் தொடவே கூடாது. "ரெண்டு இஞ்ச் கொத்திவிட்டால் போதும் சார்" என்று சொல்கிறவரை அப்படியே வாசலுக்கு அனுப்பிவையுங்கள். பீமின் அடிப்பக்கத்தில்தான் பாரம் தாங்கும் கம்பிகள் ஓடுகின்றன.

மூன்றாவது: காரை அளந்துகொள்ளுங்கள்

நிறுவனம் கொடுக்கும் அளவுகள் தொடக்கத்துக்குப் போதும். ஸ்விஃப்ட் 153 சென்டிமீட்டர், வேகன்ஆர் 167 சொச்சம், இன்னோவா கிரிஸ்டா 180-க்கு அரை குறைவு, பொலேரோ 188, ஸ்கார்ப்பியோ கிளாசிக் 200-க்கு அரை குறைவு. அம்பாசடர் 160-ஐ ஒட்டி வரும். அதற்கு மேல் கேரியர், ஏரியல் இருந்தால் அதையும் சேர்க்க வேண்டும். பொலேரோக்காரர்கள் கேரியர் இல்லாமல் இருப்பது அபூர்வம்.

அடுத்த அளவைப் பலர் விட்டுவிடுகிறார்கள். இரண்டு தூண் லிஃப்டின் கைகள் காரைச் சக்கரத்தில் தூக்குவதில்லை, பெரும்பாலான கார்களில் கதவுக்குக் கீழே ஓடும் விளிம்பில் தூக்குகின்றன. அந்த விளிம்பு தரையிலிருந்து ஏற்கெனவே ஒரு சாண் உயரத்தில் இருக்கிறது. காரின் மொத்த உயரத்தில் இதைக் கழித்துக்கொள்ளலாம். என் அம்பாசடரில் விளிம்பு 22 சென்டிமீட்டரில் இருக்கிறது. 160-ல் 22 போனால் 138. விளிம்பிலிருந்து கூரை வரை அவ்வளவுதான். இந்த எண்ணைத் தனியாக எழுதி வையுங்கள்.

நான்கு தூண் லிஃப்டில் இந்தச் சலுகை கிடையாது. கார் சக்கரத்தோடு பலகையில் நிற்பதால் முழு 160-ம் கணக்கில் வரும்.

பானெட்டைத் திறந்தும் அளந்துகொள்ளுங்கள், டிக்கியையும்தான். ஸ்விஃப்ட் மாதிரி பின்கதவு மேலே திறக்கும் கார்களில் அது கார்க் கூரையைத் தாண்டிப் போகும். பானெட்டைத் திறந்து வைத்துவிட்டு மறந்துபோய்க் காரை மேலே ஏற்றுவது சாதாரணமாக நடக்கிற விபத்து.

நான்காவது: கணக்கு

எந்த உயரத்தில் வேலை செய்ய விரும்புகிறீர்கள்? அடியில் நின்று வேலை செய்ய விளிம்பு 170, 180 சென்டிமீட்டருக்குப் போக வேண்டும். அம்பாசடருக்கு 170 வைத்தால் 170-ம் 138-ம் சேர்ந்து 308. மேலே பத்துச் சென்டிமீட்டர் இடம் விட்டால் 318, அதாவது பத்தடி ஐந்து அங்குலம். தடையே இல்லாத பத்தரை அடி வேண்டும் என்று அர்த்தம். ஸ்கார்ப்பியோ என்றால் பதினோரு அடியைத் தாண்டிவிடும்.

என்னிடம் இருந்ததோ ஒன்பதரை அடி, 290 சென்டிமீட்டர். பீம் 23 இறங்கியிருந்தது, மிச்சம் 267. அதில் 138 காருக்கு, 10 இடைவெளிக்கு. விளிம்புக்குக் கிடைத்தது 119. நான் கிட்டத்தட்டக் கைவிட்டுவிட்டேன். அப்புறம் ஒரு நாள் மாலை ஷெட் வாசலில் டீ குடித்தபடி காரைப் பக்கவாட்டில் பார்த்துக்கொண்டிருந்தேன். காரின் உச்சி நடுவில்தானே இருக்கிறது? பானெட் அதைவிட ஒன்றரை அடிக்கு மேல் தாழ்வு. பீம் என் காரின் நடுவில் குறுக்கே வருவதால்தான் தொல்லை. காரை மூன்றடி பின்னால் தள்ளி நிறுத்தினால் பீம் பானெட்டுக்கு மேல் வரும், கார்க் கூரைக்கு மேலே சுத்தமான தளம். 290-ல் 138-ம் 10-ம் போக 142. மூன்றடி நகர்த்தியதில் முக்கால் அடி உயரம் இலவசமாகக் கிடைத்தது.

ஆகவே பீம் எங்கே ஓடுகிறது என்று தரையில் தூக்குக்குண்டு விட்டுக் குறித்துக்கொண்டு, அதற்கேற்ப லிஃப்டின் இடத்தைத் தீர்மானியுங்கள். ஷெட்டின் நட்டநடுவில்தான் லிஃப்ட் நிற்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. விலை ஒன்றுதான்: பீமுக்கு அடியில் மேலே தூக்கிய காரில் பானெட்டைத் திறக்க முடியாது. இன்ஜின் வேலையைக் கீழே வைத்துச் செய்கிறேன்.

142 போதுமா? நிற்கப் போதாது. உருளை வைத்த ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தால் தாராளம். உண்மையைச் சொன்னால் உட்கார்ந்து வேலை பார்ப்பதுதான் எனக்குப் பிடித்திருக்கிறது.

ஐந்தாவது: எந்த லிஃப்ட்?

இரண்டு தூணில் இரண்டு ஜாதி உண்டு. இரு தூண்களையும் மேலே குறுக்குச் சட்டம் இணைப்பது ஒன்று. கேபிளும் ஹைட்ராலிக் குழாயும் மேலேயே போய்விடுவதால் தரை சுத்தமாக இருக்கும். ஆனால் தூண் பன்னிரண்டு அடியோ அதற்கு மேலோ நிற்கும். நான் முன்பணம் தொலைத்தது இதற்குத்தான். இன்னொன்றில் இணைப்பு தரையில் ஓடும், மேலே ஒரு இரும்புத் தகடு மூடியிருக்கும், அதன் மேல் ஏறி இறங்கி வண்டியை விட வேண்டும். தூண் ஏறக்குறைய 2.8 மீட்டர், ஒன்பது அடி இரண்டு மூன்று அங்குலம். வீட்டு ஷெட்டுக்கு இதுதான் பொருந்தும். தூணின் உச்சி பீமுக்கு நேர் கீழே வராமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டுக்குமே அகலம் பதினொன்று, பன்னிரண்டு அடி வேண்டும். பழைய வண்டிக் கொட்டகையைக் கார் ஷெட்டாக மாற்றியவர்கள் முதலில் இதைப் பார்த்துவிடுங்கள்.

கூரை ஒன்பது அடிதான் என்றால், கத்தரிக்கோல் போல விரிந்து உயரும் கத்தரி லிஃப்ட் வாங்குங்கள். தரையோடு படுத்திருக்கும், ஒரு மீட்டர் போல உயரும். ஸ்விஃப்டைத் தூக்கினால் கார்க் கூரை 235 சென்டிமீட்டரைச் சுற்றி நிற்கும், எந்த ஷெட்டிலும் அடங்கும். டயர், பிரேக், சஸ்பென்ஷன் வேலைக்கு அருமை. கியர் பாக்ஸை இறக்க முடியாது, நடுவில் லிஃப்டே மறைத்துக்கொண்டிருக்கும்.

ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு கார் நிறுத்துவதற்காக நான்கு தூண் வாங்குகிறவர்கள் இப்படிக் கூட்டுங்கள்: கீழ்க் கார், ஐந்து சென்டிமீட்டர் இடைவெளி, பலகைக் கனம் ஏறக்குறைய 12, மேல் கார், மறுபடி 10. இரண்டு ஸ்விஃப்டுக்கு 333 சென்டிமீட்டர், சுமார் பதினோரு அடி. கீழே இன்னோவா, மேலே ஸ்விஃப்ட் என்றால் பன்னிரண்டு அடியைத் தொட்டுவிடும். பத்தடிக் கூரைக்கு இந்த ஆசையே வேண்டாம். வெள்ளம் வரும் தாழ்ந்த தெருக்களில் மட்டும், ஒரே காரை மழைக்காலத்தில் மூன்றடி உயர்த்தி வைக்கலாம் என்ற வேறொரு பயன் இதற்கு உண்டு.

ஆறாவது: பூட்டுப் பல்

லிஃப்டைத் தூக்கும்போது டக், டக் என்று சத்தம் கேட்கும். பாதுகாப்புப் பூட்டு ஒவ்வொரு பல்லாக விழும் சத்தம். எண்ணெய் அழுத்தத்தில் காரைத் தொங்கவிட்டு அடியில் போகக் கூடாது. பல்லில் இறக்கி உட்காரவைத்த பிறகுதான் போக வேண்டும். பற்களுக்கு நடுவே மூன்று நான்கு அங்குல இடைவெளி இருக்கும். ஆகவே கணக்கில் 142 வந்தால் 142-ல் நிற்காது, அதற்குக் கீழே எந்தப் பல் இருக்கிறதோ அங்கேதான் நிற்கும். எனக்கு 136-ல் நின்றது.

இறக்குவதற்குப் பூட்டை விடுவிக்க, முதலில் காரைக் கொஞ்சம் மேலே தூக்க வேண்டும். மேலே பத்துச் சென்டிமீட்டர் விடச் சொன்னதில் பாதி இதற்காகத்தான். கூரையை முட்டிக்கொண்டு ஒரு பல்லில் உட்கார வைத்துவிட்டால் மேலேயும் போகாது, கீழேயும் வராது.

கரண்ட் போனாலும் இதே கதி. பல்லில் உட்கார்ந்திருக்கும் காரை மின்சாரம் இல்லாமல் தூக்க முடியாது, தூக்காமல் விடுவிக்க முடியாது. கைப்பம்பு உள்ள மாடலா என்று வாங்கும்போதே கேளுங்கள். சாயங்காலம் காரில் எங்காவது கிளம்ப வேண்டும் என்றால் காலையில் மேலே ஏற்றாதீர்கள்.

தகரக் கொட்டகை வைத்திருப்பவர்களுக்கு

சரிவுக் கூரையில் நடு உச்சி உயரத்தைச் சொல்லிப் பெருமைப்பட வேண்டாம். உச்சி பதின்மூன்று அடி, நான்கடிக்கு ஓர் அடி சரிவு என்று வைத்துக்கொள்ளுங்கள். லிஃப்டின் தூண் நடுவிலிருந்து ஐந்தரை அடி தள்ளி நிற்கும், அங்கே உயரம் பதினொன்றரை அடிதான். தகரத்தைத் தாங்கும் குறுக்குச் சட்டமான பர்லினின் கனத்தையும் கழித்தால் இன்னும் குறையும். தரை இணைப்புள்ள தூண் நிற்கும், மேல்சட்டம் உள்ளது நிற்காது.

கூரையைத் தாங்கும் முக்கோணச் சட்டமான டிரஸின் கீழ்க் குறுக்குக் கம்பி காரின் வழியில் இருந்தால் அதை அறுத்துவிட்டு "கூரை நிக்குதே" என்று திருப்திப்படாதீர்கள். இரண்டு பக்கச் சுவரும் வெளியே தள்ளிப் போகாமல் பிடித்திருப்பது அந்தக் கம்பிதான். இரண்டு டிரஸ்களுக்கு நடுவே கார்க் கூரை வரும்படி லிஃப்டை நகர்த்தப் பாருங்கள்.

கொட்டகையையே உயர்த்துவதும் நடக்கிற காரியம்தான், இரும்புத் தூணை நீட்டிவிடலாம். ஆனால் உயரம் கூடக் கூடக் காற்று பிடிக்கும். 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா வேதாரண்யம் பக்கம் கரை ஏறியபோது தகரங்கள் எப்படிப் பறந்தன என்று பட்டுக்கோட்டை, மன்னார்குடி ஆட்களிடம் கேட்டால் சொல்வார்கள். தூணுக்கு அடியில் கான்கிரீட், மூலைக்கு மூலை குறுக்கு வலிப்பு, தகரத்தைப் பர்லினோடு கொக்கியாகப் பிடிக்கும் ஜே போல்ட் இல்லாமல் உயர்த்தாதீர்கள்.

இனிமேல்தான் கட்டப் போகிறீர்கள் என்றால் யோகக்காரர்கள். கார் நிற்கும் பகுதிக்கு மட்டும் பன்னிரண்டு அடி கேளுங்கள். பீமைத் தளத்துக்கு மேல்பக்கமாகத் தூக்கி அமைக்க முடியுமா என்று பொறியாளரிடம் கேளுங்கள். இன்வர்ட்டட் பீம் என்பார்கள், உள்ளே கூரை ஒரே சமமாக இருக்கும். தெரு இன்னும் உயரும் என்பதையும் மனதில் வைத்து, தரையை இப்போதே ரோட்டைவிட இரண்டடி மேலே வைத்துவிடுங்கள்.

முதல் முறை தூக்கும் நாள்

தனியாகச் செய்யாதீர்கள். ஒருவர் சுவிட்சில், இன்னொருவர் ஏணியில் ஏறி, கூரைக்கும் காருக்கும் நடுவே கண் வைத்தபடி. முதலில் ஒரு சாண் தூக்கி நிறுத்தி, காரைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள், அசையக் கூடாது. பிறகு பல் பல்லாக ஏற்றுங்கள். ஒரு கை அகல இடைவெளி வரும்போது நிறுத்தி, கீழ்ப் பல்லில் உட்காரவைத்து, அந்த உயரத்துக்குத் தூணில் சிவப்புப் பெயிண்டால் கோடு போடுங்கள். லிஃப்ட் வைத்திருப்பது தெரிந்தால் ஊர்க்காரர்கள் விதவிதமான வண்டியோடு வருவார்கள், அதனால் வண்டிக்கு ஒரு கோடு, பக்கத்தில் பெயர். எலக்ட்ரீஷியனை வைத்து, உங்கள் உயரமான வண்டியின் கோட்டுக்கு மேலே, பூட்டை விடுவிக்கத் தூக்கும் அளவு மட்டும் விட்டு, ஒரு லிமிட் சுவிட்சும் மாட்டிவிடுங்கள். கை மறந்தாலும் மோட்டார் நின்றுவிடும்.

என் தூணில் இப்போது மூன்று கோடு இருக்கிறது. மேலே அம்பாசடருக்கும் ஸ்விஃப்டுக்கும் இரண்டு கோடு கிட்டத்தட்ட ஒட்டினாற்போல. அதற்கு ஓர் அடிக்கும் கீழே பக்கத்து வீட்டுப் பொலேரோவுக்கு ஒன்று, "கேரியரோடு" என்று அடைப்புக்குறிக்குள் எழுதி.